உற்பத்தி கூடினால் விற்பனையும் கூடியதா?

பெங்களூரு பீன்யாவில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. மாதக் கடைசியில் ஜிஎஸ்டி வேலையாக ஷெட் ஷெட்டாக ஏறி இறங்குவேன். அப்படி ஒரு ஷெட்டில், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே லேத் ஓட்டும் நண்பர் செல்போனை நீட்டினார். "நாட்டின் தொழில் உற்பத்தி உயர்ந்தது" என்று ஒரு செய்தி. "அண்ணா, உற்பத்தி ஏறுதுன்னு போட்டிருக்கான். நம்ம ஷெட்ல ரெண்டாவது ஷிப்டே நின்னு போச்சு. அப்ப இது பொய்யா?"

பொய் இல்லை. அவர் சொன்னதும் பொய் இல்லை. செய்தி அளந்தது ஒன்று, அவர் நினைத்துக்கொண்டது இன்னொன்று. உற்பத்தி, விற்பனை, தேவை, வளர்ச்சி என்ற நாலு சொல்லையும் டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் ஒரே பொருளில் புழங்குகிறோம். கடன் வாங்கி மெஷின் போடுகிறவருக்கு இந்தக் குழப்பம் வெறும் பேச்சு அல்ல, பல லட்ச ரூபாய் விஷயம். அதனால்தான் இதை அடியிலிருந்து எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

மெஸ்ஸில் இட்லி எண்ணுவது எப்படி

அல்சூரில் ஒரு மெஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இட்லி, வடை, பொங்கல் மூன்றும் போடுகிறார்கள். "இந்த மாதம் சமையல் கூடியதா, குறைந்ததா?" என்று மாஸ்டரைக் கேட்டால் இட்லி 10 சதவீதம் கூடியது, வடை 20 சதவீதம் குறைந்தது, பொங்கல் அப்படியே இருக்கிறது என்பார். இதை எப்படி ஒரே எண்ணாகச் சொல்வது? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சமையல் குறைந்தது போலத் தெரியும். ஆனால் மெஸ்ஸின் வண்டி ஓடுவதே இட்லியில்தான்.

எனவே ஒவ்வொன்றுக்கும் மெஸ்ஸில் அதற்குள்ள பங்கைப் பார்த்து ஓர் எடை தருகிறோம். இட்லிக்கு 70, வடைக்கு 20, பொங்கலுக்கு 10. ஜனவரி மாதச் சமையலை 100 என்று வைத்துக்கொண்டால், இந்த மாதம் இட்லி 110, வடை 80, பொங்கல் 100. இட்லியின் 110இல் 70 சதவீதம் 77. வடையின் 80இல் 20 சதவீதம் 16. பொங்கலுக்கு 10. மொத்தம் 103. வடை அவ்வளவு சரிந்தும் மெஸ்ஸின் சமையல் 3 சதவீதம் கூடியிருக்கிறது.

இந்த 103தான் குறியீட்டு எண். நாட்டுக்கு இதையே செய்தால் அது தொழில் உற்பத்திக் குறியீட்டு எண், சுருக்கமாக ஐஐபி. தேசியப் புள்ளியியல் அலுவலகம் மாதாமாதம் வெளியிடுகிறது. நாம் ஜனவரியை 100 என்று வைத்தது போல, 100 என்று வைத்துக்கொள்ளும் ஆண்டுக்கு அடிப்படை ஆண்டு என்று பெயர். 2017 மே மாதம் வெளியான தொடரில் 2011-12 அடிப்படை ஆண்டு. கீழே நான் தரும் எண்கள் எல்லாம் அந்தத் தொடரில் வந்தவை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஐஐபி என்பது எத்தனை ரூபாய் என்பதல்ல. ஓர் ஆண்டை 100 என்று வைத்து, அதற்கு மேலா கீழா என்று சொல்லும் எடை போட்ட எண்.

கூடைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை

ஐஐபி கணக்கில் சேர்க்கும் பொருட்களின் தொகுப்பைக் கூடை என்பார்கள். அந்தத் தொடரின் கூடைக்குள் மூன்று பகுதிகள். ஆலை உற்பத்திக்கு 77.63 சதவீத எடை, சுரங்கத்துக்கு 14.37, மின்சாரத்துக்கு ஏறக்குறைய 8. அவ்வளவுதான்.

இதில் பெங்களூருக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவுட்டர் ரிங் ரோட்டில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டிடங்களில் நடக்கும் எந்த வேலையும் இந்த எண்ணில் கிடையாது. சாஃப்ட்வேர், வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஓட்டல், ஆட்டோ, டெலிவரி எல்லாம் சேவைத் துறை. ஐஐபி அதைத் தொடுவதே இல்லை. நாட்டின் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் சேவையிலிருந்து வருகிறது. ஆகவே ஐஐபி இறங்கியது என்ற செய்தியைப் பார்த்து நாடே படுத்துவிட்டது என்பதும், ஏறியது என்றால் எல்லோர் கையிலும் பணம் புரள்கிறது என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். பீன்யாவின் கதை ஐஐபியில் இருக்கிறது. ஐடி கம்பெனிகள் நிறைந்த மாரத்தஹள்ளியின் கதை பெரும்பாலும் இல்லை.

இன்னொன்று, ஐஐபி அளவைப் பார்க்கிறது, விலையை அல்ல. போன வருடம் 1000 டன் கம்பி, இந்த வருடமும் 1000 டன் கம்பி என்றால், கம்பி விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் ஐஐபிக்கு வளர்ச்சி பூஜ்யம்தான்.

எட்டு சதவீத வளர்ச்சி என்றால், எதிலிருந்து எட்டு?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். செய்தியில் வரும் சதவீதம் போன மாதத்தோடு ஒப்பிட்டது அல்ல, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டது. அதற்குக் காரணம் உண்டு. தீபாவளி மாதத்தையும் அதற்கு அடுத்த மாதத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே சரிவராது. ஆனால் போன வருடத்தோடு ஒப்பிடும்போது, போன வருடம் என்ன ஆனது என்பதும் இந்த எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு அடிப்படை விளைவு என்று பெயர். எல்லோரும் சொல்வது பேஸ் எஃபெக்ட்.

2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. பீன்யாவில் ஷட்டர் எல்லாம் மூடிக் கிடந்தது. அந்த மாதக் குறியீடு 54. அடுத்த வருடம், 2021 ஏப்ரலில், அது 126.6. கணக்குப் போட்டால் 134 சதவீத வளர்ச்சி! ஆனால் ஊரடங்குக்கு முந்தைய 2019 ஏப்ரலில் குறியீடு எவ்வளவு? 126.5. இரண்டு வருடம் கழித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தோம். 134 சதவீதம் என்ற எண்ணில் தப்பே இல்லை. அதை மட்டும் வாசித்தால்தான் தப்பு.

ஊரடங்கு போல அசாதாரணமான ஒன்று வேண்டும் என்பதுகூட இல்லை, பஞ்சாங்கமே போதும். 2022இல் தீபாவளி அக்டோபர் 24. ஆலைகளுக்கு லீவு, அந்த அக்டோபரில் உற்பத்தி சுமார் 4 சதவீதம் சரிந்தது. 2023இல் தீபாவளி நவம்பர் 12க்குத் தள்ளிப் போனது. அதனால் 2023 அக்டோபரில் முழு மாதமும் வேலை, ஒப்பிடுவதோ லீவு விழுந்த அக்டோபரோடு. முதலில் வந்த மதிப்பீட்டில் வளர்ச்சி 11 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த மாதம் நவம்பரில் லீவு வந்தது, ஒப்பிடும் நவம்பரில் லீவு இல்லை. வளர்ச்சி 2.4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. தேவை ஒரே மாதத்தில் பொங்கவும் இல்லை, வற்றவும் இல்லை. தீபாவளிதான் தேதி மாறியிருந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்து ஒன்றாகப் பார்ப்பதே நியாயம்.

"முதலில் வந்த மதிப்பீடு" என்று சொன்னேன் அல்லவா? அதையும் கவனியுங்கள். முன்பெல்லாம் 12ஆம் தேதி, ஆறு வாரம் பிந்தி இந்த எண் வரும். 2025 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதியே முந்தைய மாதத்தின் எண் வந்துவிடுகிறது. எல்லா ஆலைகளும் கணக்கு அனுப்பி முடிக்கும் முன் போடுவது என்பதால் பிறகு திருத்துவார்கள். முதல் எண் பத்திரிகையில் பெரிதாக வரும், திருத்திய எண்ணை யாரும் போடுவதில்லை.

ஆக, சதவீதத்தைப் பார்த்ததும் "போன வருடம் இதே மாதம் எப்படி இருந்தது?" என்று ஒரு கேள்வி. அப்புறம், ஒரு மாதத்தை மட்டும் பார்க்காமல் மூன்று மாதமாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடுவில் நிற்கும் குடோன்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். உற்பத்தி என்பது ஆலையிலிருந்து வெளியே வந்தது. தேவை என்பது மக்கள் காசு கொடுத்து வாங்க விரும்புவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடோன் இருக்கிறது. அதில் கிடக்கும் சரக்குக்குக் கையிருப்பு என்று பெயர். நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் குடோனைத்தான்.

ஒரு பைக் டீலர் மாதம் 100 வண்டி விற்கிறார். ஒரு மாத விற்பனைக்கான 100 வண்டியை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பது அவர் வழக்கம். விற்பதும் 100, கம்பெனியிடம் ஆர்டர் போடுவதும் 100. இந்த மாதம் 110 விற்றது. விற்ற 110ஐ நிரப்ப வேண்டும். விற்பனை கூடியதால் கையிருப்பையும் 110 ஆக்க வேண்டும், அதற்கு இன்னும் 10. ஆக ஆர்டர் 120.

விற்பனை கூடியது 10 சதவீதம். கம்பெனி கண்ணுக்குத் தெரிவது 20 சதவீதம். கம்பெனியும் ஒரு மாதத்துக்கான உதிரிபாகத்தைக் கையிருப்பில் வைத்திருக்கும். 120 வண்டி செய்ய 120 செட் வேண்டும், கையிருப்பையும் 100இலிருந்து 120 ஆக்க இன்னும் 20. பீன்யாவில் நம் நண்பரின் ஷெட்டுக்கு வரும் ஆர்டர் 140 செட்! ரெண்டாவது ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், "புது சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், போட்டால் என்ன?" என்ற யோசனை.

அடுத்த மாதம் டீலரின் விற்பனை அதே 110. இறங்கவில்லை. கையிருப்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் ஆர்டர் வெறும் 110. கம்பெனி 110 வண்டிக்கு இறங்குகிறது, உதிரிபாகக் கையிருப்பும் 120இலிருந்து 110 போதும் என்றாகிறது. ஷெட்டுக்கு வரும் ஆர்டர் 100. ஷோரூமில் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது, செய்தியும் வளர்ச்சி என்கிறது, ஷெட்டில் மட்டும் 140இலிருந்து 100. ரெண்டாவது ஷிப்ட் நிற்கிறது.

இந்தக் கணக்கை நண்பரின் டெலிவரி சலான் (சரக்கு அனுப்பும் சீட்டு) ஒன்றின் பின்பக்கத்தில்தான் எழுதிக் காட்டினேன். 140, 100 என்ற இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன்னுடைய பழைய சலான் புக்கை எடுத்து மாதாமாதம் புரட்ட ஆரம்பித்தார். எண்கள் இவ்வளவு சுத்தமாக இல்லை என்றாலும், அதே மாதிரி ஒரு மாதம் பொங்கி மறு மாதம் உட்கார்ந்தது இரண்டு மூன்று இடத்தில் தெரிந்தது.

இறக்கத்திலும் இதே கதைதான். விற்பனை 90 ஆனால் டீலர் ஆர்டர் 80, ஷெட்டின் ஆர்டர் 60. வாங்குகிறவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோமோ, ஆட்டம் அவ்வளவு அதிகம். கடையில் 10 சதவீதம் குறைந்ததற்கு ஷெட்டில் 40 சதவீதம் குறைகிறது. 2019 ஆகஸ்டில் ஆலைகளிலிருந்து டீலர்களுக்குப் போன பயணிகள் வாகனங்கள் முந்தைய ஆண்டை விட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தன. உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பட்ட பாட்டுக்கு அந்த எண்ணே போதாது.

கார், பைக் விற்பனை என்று நாம் படிப்பதில் இரண்டு வகை உண்டு, இதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் சங்கமான சியாம் தருவது ஆலையிலிருந்து டீலருக்குப் போனது. டீலர்கள் சங்கமான ஃபாடா தருவது ஆர்டிஓவில் பதிவானது, அதாவது ஒருவர் உண்மையிலேயே வாங்கி ஓட்டிக்கொண்டு போனது. முதலாவது கூடி இரண்டாவது கூடாமல் இருந்தால் வண்டி எங்கே இருக்கிறது? டீலரின் யார்டில், வெயிலில். 2024 தீபாவளிக்கு முன்பு டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள் தேங்கிவிட்டன என்று ஃபாடா எச்சரித்தது. ஒரு மாதக் கையிருப்பே போதும் என்கிற தொழில் அது. அந்தக் கார்கள் எல்லாம் உற்பத்திக் கணக்கில் ஏற்கெனவே வளர்ச்சியாகப் பதிவாகிவிட்டன. வாங்க ஆள் வந்தது பிறகுதான்.

சுருக்கமாக: உற்பத்தி = விற்பனை + குடோனில் கூடியது. குடோன் நிரம்பும்போது உற்பத்தி தேவையை விட வேகமாக ஏறும், குடோன் காலியாகும்போது தேவையை விடக் கீழே போகும்.

தேவை என்று எதைச் சொல்கிறோம்

தேவை என்பதும் ஒரே பொருள் அல்ல. ஃபிரிட்ஜ், டிவி, பைக் மாதிரி வாங்கினால் பல வருடம் உழைப்பவை நீடித்த நுகர்பொருட்கள். சோப்பு, பிஸ்கட், எண்ணெய் மாதிரி தீர்ந்து போகிறவை நீடிக்காத நுகர்பொருட்கள். ஐஐபி இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. என்னைக் கேட்டால் மேலே போடும் பெரிய எண்ணை விட இந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2024-25இல் நீடித்த பொருட்களின் உற்பத்தி நன்றாக வளர்ந்தது, நீடிக்காதவை சுருங்கின. ஏசி ஆலை வேகமாக ஓடியது, சோப்பு ஆலை அப்படி ஓடவில்லை. காரணம் ஒன்றல்ல, பல இருக்கலாம். ஆனால் மாதச் சம்பளத்தில் மளிகைக்கே திணறும் வீடுகளை நினைத்துக் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். மேலே போடும் ஒற்றை எண் இதை மறைத்துவிடும்.

தேவை தள்ளியும் போகும். ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். சிறிய காருக்கும், 350 சிசி வரையிலான பைக்குக்கும், ஏசிக்கும் வரி 28இலிருந்து 18 சதவீதமானது செப்டம்பர் 22 அன்று. நடுவில் இருந்த ஐந்து வாரத்தில் யார் போய் வாங்குவார்? காத்திருந்தார்கள். பண்டிகையோடு சேர்த்து வாங்கினார்கள். அந்த ஐந்து வார மந்தத்தைப் பார்த்து மக்களிடம் பணமில்லை என்று முடிவு கட்டியிருந்தால் தவறு. பிறகு விற்பனை பொங்கியதைப் பார்த்து இனி எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தாலும் தவறு.

ரூபாய்க் கணக்கும் ஏமாற்றும். பிஸ்கட் கம்பெனியின் விற்பனை 8 சதவீதம் கூடியது, அதில் 6 சதவீதம் விலை ஏற்றம் என்றால், மக்கள் கூடுதலாகத் தின்றது ஏறக்குறைய 2 சதவீதம்தான். அஞ்சு ரூபாய் பாக்கெட்டின் விலை மாறாமல் உள்ளே இருக்கும் கிராம் குறைந்தால், பாக்கெட் எண்ணிக்கை ஏறியும் பிஸ்கட் ஏறியிருக்காது.

அப்புறம், வாங்குகிறவர் நம் நாட்டுக்காரராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் கோலார் பக்கம் நரசாபுரத்திலும் தயாராகும் ஐபோன்களில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வெளிநாட்டுக்குப் போகிறது. உற்பத்தி நம்முடையது, தேவை அவர்களுடையது. அதே போல நாம் ஆசையாக வாங்கும் பொருள் வெளிநாட்டில் செய்ததாக இருந்தால், தேவை ஏறும், ஐஐபி அசையாது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள

இரண்டு எண்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, சுத்திகரிப்பு, உரம், உருக்கு, சிமென்ட், மின்சாரம் என்ற எட்டு முக்கியத் தொழில்களின் குறியீடு ஐஐபிக்கு முன்பே வரும். ஐஐபியின் எடையில் 40 சதவீதம் இவைதான், எனவே ஐஐபி போகும் திசை கொஞ்சம் தெரியும். இன்னொன்று பிஎம்ஐ, அதாவது கொள்முதல் மேலாளர் குறியீடு. கம்பெனிகளில் கொள்முதல் பார்ப்பவர்களிடம் "போன மாதத்தை விடக் கூடியதா, குறைந்ததா, அதே அளவா?" என்று கேட்டுத் தொகுப்பது. 50க்கு மேல் என்றால் கூடியது என்பவர்கள் அதிகம். 57 என்றால் 57 சதவீத வளர்ச்சி என்று அர்த்தமில்லை. இதிலும் புது ஆர்டர் என்ற உட்பிரிவு தனியாக இருக்கிறது. பட்டறைக்காரருக்கு அதுதான் உபயோகம்.

மறுபடி ஷெட்டுக்கு

நண்பரிடம் ஒரு கொட்டேஷன் இருந்தது. ஆர்டர் 140 போல வந்த மாதத்தில் வாங்கியது, ஒரு புது சிஎன்சி லேத்துக்கு. இப்போது ஆர்டர் விழுந்ததும் தொழிலே முடிந்தது என்ற பயத்தில் அதைக் கிழித்துப் போட இருந்தார். நான் கிழிக்கவும் சொல்லவில்லை, கையெழுத்துப் போடவும் சொல்லவில்லை. வண்டிப் பதிவு எண்ணிக்கையை மூன்று மாதம் பார்ப்போம், டீலரிடம் எத்தனை நாள் சரக்கு நிற்கிறது என்று விசாரிப்போம், நம் சலான் புக்கில் மூன்று மாதச் சராசரி என்ன என்று போடுவோம் என்றேன்.

சராசரியை அன்றைக்கே போட்டோம். போன வருடத்தின் அதே மூன்று மாதத்தை விடக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. கொட்டேஷனை மடித்து சலான் புக்குக்குள் வைத்தார். போனில் யாரையோ கூப்பிட்டு, ரெண்டாவது ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த பையனை வேறு இடம் தேட வேண்டாம், பகல் ஷிப்டிலேயே வந்து நிற்கட்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.